வழியில் இருக்கிறவன் பொருள்

ஊரைவிட்டுப் போனவன் கடைசியாகக் குடித்துவிட்டு வைத்த கோப்பையை நீங்கள் எப்போது கழுவுவீர்கள்? அவன் ஏறின பேருந்து தெருமுனை திரும்பியதுமா, அன்று சாயங்காலமா, மறுநாளா?

மலைமேல் இருக்கிற பூகாலோமா ஊரில் கழுவ மாட்டார்கள். போனவன் போய்ச் சேர்ந்து, "வந்துட்டேன்" என்று அவன் வாயால் சொல்லி அது காதில் விழுகிற வரைக்கும் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். போர்வை அவன் உதறிவிட்டு எழுந்த மடிப்போடு கட்டிலில் கிடக்கும். பிழைப்புத் தேடி வடக்கே போகிற வழி லேசான வழி இல்லை. காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, எத்தனையோ நாட்டு எல்லை இருக்கிறது. அங்கே ஒருத்தன் நடந்துகொண்டிருக்கும்போது இங்கே அவன் பொருளை யாராவது அசைத்தால் அவன் கால் இடறும் என்று ஊரில் நம்பினார்கள். நம்பாதவர்களும் அசைக்கவில்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் கிளெவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பூகாலோமாவுக்கு ஏறியபோது அவனுக்கு அந்த நினைப்பே இல்லை. முதுகு வலித்தது. எரிமலை அந்த வாரம் முழுக்கச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது. வாயில் கட்டிய துணியையும் மீறிப் பல்லுக்கிடையில் நறநறத்தது. பாதையோரம் மாடுகள் சாம்பல் படிந்த புல்லை மோந்துவிட்டு, தின்னாமல், அவனையே பார்த்துக்கொண்டு நின்றன.

கிளெவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. மலைமேல் இருக்கிற சின்னச் சின்னப் பால் நிலையங்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது அவன் பிழைப்பு. எல்லோரும் அவனை இஞ்சினியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் இஞ்சினியர் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லித் திருத்த அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

அந்த மாதம் அவனுக்கு ஒரே வேலைதான். நிலையங்களில் ஓடுகிற பால் கணக்கு நிரல் ஜாவாவில் எழுதியது. தராசைப் படிக்கும், கொழுப்பைக் குறிக்கும், எல்லாம் செய்யும். ஆனால் கீழே நகரத்து ஆலையில் இருக்கிற தரவுத்தளத்தோடு அதற்கு நேராகப் பேசத் தெரியாது. நடுவில் நின்று இதன் பேச்சை அதற்கும் அதன் பேச்சை இதற்கும் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். ஒரே ஒரு கோப்பு. கம்ப்யூட்டருக்குள் நிரல் இருக்கிற ஃபோல்டர் என்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆலையில் தரவுத்தளத்தைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். புதியது கதவைத் திறக்கும்முன் வேறு விதமாகக் கேள்வி கேட்டது. பழைய டிரைவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஆகவே எல்லா நிலையத்திலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

மற்ற நிலையங்களில் போனிலேயே சொல்லி முடித்துவிட்டான். பூகாலோமாவிலும் சொன்னான். நிலையத்தை நடத்துகிற டெல்ஃபினா, "போட்டாச்சு இஞ்சினியரே, பழசையும் எடுத்தாச்சு" என்றாள். ஆனாலும் ஓடவில்லை. கடவுச்சொல் தப்பு என்று ஆலையில் சொன்னார்கள். மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். ஆலையில் போனை எடுக்கிற பெண், "அந்தம்மாவுக்கு ஒழுங்கா அடிக்கத் தெரியல" என்று கிளெவரிடம் சலித்துக்கொண்டாள்.

கடவுச்சொல்லோடு போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. பால் லாரிக்கு வழித்தாள் வேண்டும். அந்தத் தாள் ஆலையின் தரவுத்தளத்திலிருந்துதான் இறங்கும். தாள் இல்லாத பாலை நெடுஞ்சாலைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். முந்தின தடவை லாரிக்காரர் கையெழுத்துத் தாளை வாங்கிக்கொண்டு பயந்து பயந்து ஓட்டிப் போனார். "இதோட சரி. அடுத்த தடவை தாள் இல்லைன்னா நான் வண்டியைத் திருப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆலையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. தாள் கொடுக்க முடியாத நிலையத்தை மூடிவிட்டு, கீழே சான் இசித்ரோ நிலையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். அப்புறம் பூகாலோமாக்காரர்கள் இருட்டோடு எழுந்து பால் கேனைக் கழுதைமேல் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கழுதை இல்லாதவர்கள் மாட்டை விற்க வேண்டியதுதான்.

லாரி மறுநாள் விடியலில் வரும்.

நிலையம் என்பது டெல்ஃபினா வீட்டின் முன்கூடம். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுத் தரை, நடுவில் எவர்சில்வர் தொட்டி. குளிரூட்டும் இயந்திரம் கட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் டெல்ஃபினாவின் புருஷன் நிக்கனோர் தென்னந்துடைப்பம் போல ஒரு செடிக் கட்டால் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளின இடத்தில் மறுபடி விழுந்தது.

"வாங்க இஞ்சினியரே. சாம்பல்ல பொரிச்ச மீன் மாதிரி வந்திருக்கீங்க" என்றான்.

"மீனுக்காவது எண்ணெய் ஊத்துவாங்கண்ணே. எனக்கு வெறும் சாம்பல்தான்."

"உள்ள போங்க. மூணு நாளா அந்த மெஷின் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆலை கேக்குற பத்தாம் வகைக் கேள்வியை ஏத்துக்க மாட்டேங்குதாம். நம்ம ஊருல ஒன்பதாம் வகை வரைக்கும்தான் இருக்கு போல."

டெல்ஃபினா பால் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சின்ன உருவம். இரண்டு பாவாடை, மேலே புருஷனுடைய பெரிய கம்பளிச் சட்டை.

"வழியில சாப்பிட்டீங்களா?"

"மொதல்ல இதைப் பாத்துடுறேங்க்கா."

கம்ப்யூட்டர் மூலையில் ஒரு மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு மண் கோப்பை. அடியில் காபி காய்ந்து, வெடித்து, அதன்மேல் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருந்தது. திரையின் ஓரத்தில் நீலத் தொப்பி ஒன்று மாட்டியிருந்தது. திரையின் மேல்மூலையை அது மறைத்தது. நாற்காலி மேஜையிலிருந்து தள்ளி, யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோலச் சாய்வாக இருந்தது. டெல்ஃபினா வேறு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். இதில்தான் இந்த மூன்று நாளும் உட்கார்ந்து அடித்திருக்கிறாள். முக்காலி உயரம் பத்தாது. கையைத் தூக்கி, தொப்பியில் படாமல், கோப்பையில் இடிக்காமல் அடித்திருக்கிறாள்.

இந்த வீட்டுப் பிள்ளை இன்னும் வழியில் இருக்கிறான் என்பது கிளெவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வில்மர் தகவல் ஏதும்..."

"காட்டுக்குள்ள போறோம், சிக்னல் இருக்காதுன்னு அனுப்பினான்" என்றாள் டெல்ஃபினா. "சோளம் பால் பிடிக்கிறப்ப."

வெளியே சோளம் அறுத்து, தட்டை காய்ந்து, மாடு தின்று முடித்திருந்தது. கிளெவர் முக்காலியில் உட்கார்ந்தான்.

வில்மர் அவர்களுக்கு ஒரே பிள்ளை. இந்த நிலையத்தில் கம்ப்யூட்டரை வைத்து, வயர் இழுத்து, நிரலைப் போட்டு, தராசோடு கட்டி, எல்லாம் செய்தது அவன்தான். கெட்டிக்காரன். கிளெவருக்கே ஒன்றிரண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டுச் சிரிப்பான்.

நிரலை ஓட்டிப் பார்த்தான். நிக்கனோர் சொன்ன அதே வரி வந்தது. கடவுச்சொல் தப்பாக இருந்தால் இப்படி வராது. பெட்டியைத் திறந்தான். உள்ளே புது டிரைவர் இருந்தது. ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு கோப்பும் இருந்தது. பழையது. அதன் பெயர் "வில்மர்".

நிரல் எழும்பும்போது முதலில் படிக்கிற தொடக்க வரியைத் திறந்து பார்த்தான். அதுவும் அந்தப் பயல் எழுதினதுதான். மொதல்ல வில்மர், அப்புறம் மற்றவங்க என்று எழுதி வைத்திருந்தான். அதனால் நிரல் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் கையை விட்டு வில்மரைத்தான் எடுத்தது. புதியது பக்கத்திலேயே இருந்தும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, பழசை எடுத்துட்டேன்னு போன்ல சொன்னீங்களே."

டெல்ஃபினா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சொன்னேன். சூப் ஆறிடும், கொண்டாறேன்" என்றாள்.

அவள் போனதும் கூடத்தில் கிளெவரும் குளிரூட்டும் இயந்திரமும்தான். நிக்கனோர் மாட்டைப் பிடிக்க மேலே போய்விட்டான். அடுப்படியில் கறிக்கு வளர்க்கிற கினிப்பன்றிகள் கீச்சிடுவது கேட்டது. புல்லைப் போட்டிருப்பாள்.

சுட்டியை எடுத்து வில்மர்மேல் வைத்தான். ஒரு தட்டு தட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. நிரல் ஓடும், தாள் வரும், லாரி போகும். "ஏதோ ஒரு செட்டிங்க்கா, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தோடு கீழே இறங்கிவிடலாம். முதுகு அப்படிக் கெஞ்சியது.

விரல் சுட்டிமேலேயே இருந்தது.

அவன் மனைவி மிரேயா ஸ்பெயினுக்குப் போனபோது அவன் அவள் செருப்பை வாசலில் அப்படியே வைத்திருந்தான். நாய் ஒன்றைக் கடித்துக்கொண்டு போனபோது மலைச்சரிவில் துரத்திப் போய்ப் பிடுங்கி வந்து ஜோடியாக வைத்தான். அவள் போய்ச் சேர்ந்து, "வந்துட்டேன்" என்று சொன்னாள். அவன் செருப்பைக் கழுவி உள்ளே எடுத்து வைத்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் பேசினாள். அப்புறம் பேசவில்லை. செருப்பால் ஒன்றும் ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் எவனாவது அவனுக்குத் தெரியாமல் செருப்பை எடுத்திருந்தால், அவன் கையை முறித்திருப்பான். அதுவும் தெரியும்.

சுட்டியை விட்டுவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றான்.

டெல்ஃபினா சூப் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கு கரைந்து கெட்டியாக, மேலே பாலாடைக்கட்டி மிதந்தது. ஒரு கிண்ணத்தில் வறுத்த சோளம். கிளெவர் படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சூடு வயிற்றில் இறங்கியபிறகுதான் பேச முடிந்தது.

"அக்கா, நேராச் சொல்லிடுறேன். வில்மர் இருக்கிற வரைக்கும் புதுசு வேலை செய்யாது."

டெல்ஃபினா நிமிர்ந்து பார்த்தாள். கிளெவர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அந்தக் கோப்பைச் சொன்னேங்க்கா."

"தெரியுது."

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது."

"அவன்தான் சொன்னான். அம்மா, இந்த மெஷினுக்குள்ள எதை வேணா தட்டு, ஆனா இந்த ஒண்ணைத் தொடாத, இது நான்தான்னு சொன்னான். எனக்கு மறக்கக் கூடாதுன்னு அவன் பேரையே வெச்சான்."

"அவன் இங்க இருந்திருந்தா அவனே எடுத்திருப்பான்."

"இங்க இருந்திருந்தா நான் ஏன் யோசிக்கப்போறேன்?"

கிளெவர் உள்ளே போய் வேறு வழி பார்த்தான். எல்லாவற்றையும் அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து, அங்கே வில்மர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தான். நகல் எழும்பவே இல்லை. தராசைக் கட்டியிருந்தது பழைய இடத்தோடு. அதை அவிழ்த்துக் கட்ட அவனுக்குத் தெரியாது. கட்டினவனுக்குத்தான் தெரியும்.

"தொடக்க வரியை மட்டும் மாத்தட்டுமா? மொதல்ல புதுசு, அப்புறம் வில்மர்னு. கோப்பு அங்கயே இருக்கட்டும்."

"அது யாரு எழுதின வரி?"

"அவன்தான்."

"அவன் எழுதினதை அழிச்சிட்டு எழுதுறதும் எடுக்கிறதும் ஒண்ணுதானே."

"சரி. புதுசுக்கு வில்மர்னு பேர் வெச்சு அதே எடத்துல போட்டுடலாம். பேர் அங்கயே இருக்கும். மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது."

டெல்ஃபினா படியிலிருந்து காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என் பிள்ளை எடத்துல வேற ஒருத்தனை உக்கார வெச்சு, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றீங்களா இஞ்சினியரே?"

கிளெவர் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

சாயங்காலப் பால் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது பியதாத். அடுத்த வீட்டுக்காரி, மூன்று மாட்டுக்காரி, ஊரில் எல்லாருக்கும் வாயில் ஒரு வார்த்தை வைத்திருப்பவள். கேனை இறக்கிவிட்டுத் தொப்பியைத் தட்டினாள். சாம்பல் பறந்தது.

"என்ன தம்பி, மெஷின் செத்துப்போச்சா, இல்ல மயக்கமா?"

"மயக்கம்தாங்க்கா."

"அப்ப தண்ணி தெளிச்சு எழுப்ப வேண்டியதுதானே. மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும், கட்டாயக் கல்யாணம் பண்ண மாதிரி."

நிக்கனோர் மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்தான். விஷயத்தை கிளெவர் சொன்னான். நிக்கனோர் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். அவன் கத்துவான் என்று கிளெவர் எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"அடியே, அது ஒரு பொருளே இல்லடி. கையில பிடிக்க முடியுமா அதை? மோந்து பாக்க முடியுமா?"

"உன் பேரையும்தான் கையில பிடிக்க முடியாது. அதுக்காக அது உன்னுது இல்லையா?"

"அவன் போர்வையை நான் தொட்டேனா? கோப்பையைத் தொட்டேனா? ராத்திரி குளிருல அந்தப் போர்வையைப் பாத்துக்கிட்டே நடுங்கிக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒரு வார்த்தை சொன்னேனா? ஊருப் பாலுடி இது. நம்ம ஒருத்தர் பால் இல்ல."

"ஊருப் பால்தான். என் ஒருத்தி பிள்ளைதான்."

நிக்கனோர் வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றான்.

பியதாத் பாலை அளந்து தொட்டியில் ஊற்றினாள். தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. மற்றவர்களும் ஊற்றினால் மறுநாள் காலைப் பாலுக்கு இடம் இருக்காது என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றாள் பியதாத். "என் வீட்டுக்காரர் வடக்கே போனப்ப, பழக்கதோஷத்துல அவர் கோப்பையைக் கழுவிட்டேன். கழுவினப்புறம்தான் ஐயோன்னு தோணிச்சு. என்ன பண்ண? காபி போட்டேன். நானே குடிச்சேன். அவர் மாதிரியே அடியில கொஞ்சம் விட்டு வெச்சேன். ஒரு ஈயைக்கூடப் பிடிச்சுப் போட்டேன், அவர் கோப்பையில எப்பவும் கிடக்குமே. அவர் நல்லபடியாப் போய்ச் சேந்தார். அஞ்சு வருஷம் இருந்துட்டுத் திரும்பியும் வந்துட்டார். ஒண்ணும் ஆகல."

"அவர் திரும்பி வந்தது கோப்பையால இல்லடி" என்றாள் டெல்ஃபினா. "வேற எங்கயும் அவரைச் சேத்துக்கல."

நிக்கனோர் சிரித்துவிட்டான். கிளெவரும் சிரித்தான். பியதாத்தே சிரித்தாள். டெல்ஃபினா சிரிக்கவில்லை, ஆனால் அவள் முகம் கொஞ்சம் இளகியது. மூன்று நாளாக அந்தக் கூடத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

"அந்த மாதிரி ஏமாத்து வேலை எனக்கு வேணாம்" என்றாள் பிறகு. "எடுக்கிறதா இருந்தா எடுக்கணும். இல்லைன்னா விடணும்."

"அப்ப விடு. மாட்டை வித்துட்டு எல்லாருமா கினிப்பன்றி வளக்கலாம்" என்றாள் பியதாத். குரலில் கேலி இல்லை. "எனக்கு இருக்கிறது மூணு மாடு. கீழ சான் இசித்ரோ வரைக்கும் பாலைச் சுமக்க என் முட்டி ஒத்துக்காது. உன் முட்டியும் ஒத்துக்காது. நான் உன்னை வற்புறுத்தல. என் பிள்ளை வழியில இருந்தா நானும் தொட மாட்டேன். ஆனா சொல்லாமப் போக முடியல, சொல்லிட்டேன்."

காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் வந்த மற்றவர்களும் பாலை ஊற்றினார்கள். மெஷின் பக்கம் ஒரு பார்வை, டெல்ஃபினா பக்கம் ஒரு பார்வை, "வரட்டுமா" என்று ஒரு வார்த்தை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசிக் கேன் ஊற்றி முடிந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நிக்கனோர் தொட்டி மூடியைச் சாத்தினான். டெல்ஃபினா பாவாடைப் பையிலிருந்து போனை எடுத்தாள். வாசலைத் தாண்டி, வேலியோரம், சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போனாள். கிளெவருக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஆனால் அவள் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. போனில் இன்னும் சத்தமாகப் பேசுவாள்.

"வில்மர், அம்மா பேசுறேன். சாப்பிட்டியா கண்ணு? இங்க மலை சாம்பல் கொட்டுது. செகப்பு மாடு கன்னு போட்டுடுச்சு, பொட்டைக் கன்னு. அப்பா நல்லா இருக்கார், இடுப்பு வலிதான். கேளு. ஆலையில எல்லாத்தையும் மாத்திட்டாங்க. நீ வெச்ச அந்த டிரைவரை எடுத்தாத்தான் தாள் வருமாம். இஞ்சினியரு வந்திருக்கார். நீ தொடாதன்னு சொன்ன. நான் இது வரைக்கும் தொடல. இப்ப கேக்குறேன். எடுக்கட்டுமா? கோப்பையை எடுக்கல, போர்வையை எடுக்கல, தொப்பி அங்கயே இருக்கு. இது ஒண்ணுதான். சொல்லு சாமி."

குரல்செய்தியை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றாள். நிக்கனோர் கூடத்திலிருந்து ஒரு கோணியை எடுத்துப் போய் அவள் தோளில் போர்த்தினான். அவனும் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாம்பல் இரண்டு பேர் தொப்பியிலும் விழுந்துகொண்டிருந்தது.

கிளெவர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினான். செய்தி போய்ச் சேர்ந்தால் இரண்டாவது குறி விழும். விழாது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றினதற்காக அவனுக்கே அவன்மேல் கோபம் வந்தது.

அவர்கள் உள்ளே வந்தபோது கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"ஒரு குறிதான் விழுந்துச்சு" என்றாள் டெல்ஃபினா.

"சிக்னல் கிடைக்கிறப்ப கேப்பான்" என்றான் கிளெவர்.

"கேக்கட்டும். நான் கேட்டுட்டேன். வேணாம்னு அவன் சொல்லல."

நிக்கனோர் அவள் தோளிலிருந்து கோணியை எடுத்து மடித்தான்.

"நான் பண்ணட்டுமாங்க்கா?"

"நீங்க யாரு அவனுக்கு? எழுந்திருங்க."

கிளெவர் எழுந்தான். டெல்ஃபினா முக்காலியில் உட்கார்ந்தாள். பெட்டி திறந்தே இருந்தது. சுட்டியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினாள், நிறைந்த வாளியை நகர்த்துகிற மாதிரி.

"எடுத்தா எங்க போகும்?"

"குப்பைத் தொட்டிக்குப் போகும். வேணும்னா அதுக்கு முன்னாடி இந்தப் பென்டிரைவ்ல ஒரு நகல் எடுத்துத் தரேன். பத்திரமா வெச்சுக்கலாம்."

அவன் கழுத்தில் சிலுவையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்த பென்டிரைவைக் கழற்றினான். டெல்ஃபினா அதைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"வேணாம். அவன் வந்து வேற வெச்சுக்கட்டும்."

அவன் சொன்ன பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கணுமா என்று மெஷின் கேட்டது. டெல்ஃபினா அதை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"இல்ல" என்று சொல்லிக்கொண்டே, ஆமாம் என்பதை அழுத்தினாள்.

பெட்டியில் புது டிரைவர் மட்டும் இருந்தது. அவள் எழுந்துவிட்டாள். நிரலை மறுபடி ஓட்டுகிற வேலையை கிளெவர்தான் செய்தான். தொடக்க வரி வில்மரைத் தேடியது. இல்லை என்றதும் எந்தப் புகாரும் சொல்லாமல் அடுத்ததை எடுத்துக்கொண்டது. பத்தாம் வகை வரி வரவில்லை. பூகாலோமா நிலையத்தின் பெயர் திரையில் வந்து நின்றது. பிரிண்டர் ஒரு தரம் உறுமி, சோதனைத் தாளைத் துப்பியது.

நிக்கனோர் தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "வந்துடுச்சு" என்றான். சொன்ன வார்த்தை அவன் காதிலேயே விழுந்ததும் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டான்.

டெல்ஃபினா அடுப்படியில் இருந்தாள். பானை கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. ஒரு பானையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

சாம்பலில் கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளெவருக்குக் கூடத்தில் ஆட்டுத்தோல் விரித்தார்கள். டெல்ஃபினா வெல்லத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். உள்ளறையில் காலியாக ஒரு கட்டில் போர்வையோடு இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் தரையில் படுத்துக்கொண்டான். குளிரூட்டும் இயந்திரம் அவன் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் லாரி வந்தது. டெல்ஃபினா வழித்தாளை எடுத்துக் கொடுத்தாள். லாரிக்காரர் படித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குழாயை மாட்டிப் பாலை உறிஞ்சிக்கொண்டு போனார். பியதாத் காலைப் பாலோடு வந்தாள். டெல்ஃபினா வேகவைத்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் ஒரு துணியில் கட்டி கிளெவரிடம் கொடுத்தாள். அவன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துவிட்டுக் கிளம்பினான். கோப்பையும் தொப்பியும் நாற்காலியும் இருந்த இடத்தில் இருந்தன. வில்மருக்குப் போன செய்தியில் ஒரு குறிதான் இருந்தது.